கூட்டாமல் குறைக்காமல்

பொலிகண்டி,
பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகள் தனுசியாவுக்கு,

மாமா பரமலிங்கம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நல்ல சுகம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் வாடைக்காற்றோடு கோபித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே லீட்ஸில் குளிர் எப்படி? கதவைத் திறந்தால் மூச்சே கட்டியாகி நிலத்தில் விழுமாம் என்று நான் தேத்தண்ணீர்க் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அது சரியோ பிழையோ, நீ காதை மூடிக் கட்டிக்கொண்டு போ.

நீ கேட்டபடி கையால் எழுதுகிறேன். மாமா, நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதி, கையெழுத்தும் வைச்சுப் படம் எடுத்து அனுப்புங்கோ என்றாய். அதை நீ ஆங்கிலத்தில் மாற்றி உன் பேராசிரியையிடம் கொடுக்க வேண்டும். அவ நம்பினால்தான் உன் ஆய்வு நிலைத்து நிற்கும். நம்பாவிட்டால் ஐப்பசியிலிருந்து எழுதியதையெல்லாம் எறிந்துவிட்டு வேறொன்றை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நீ எங்களுக்குப் போன் எடுக்கவே இல்லை. உன் அம்மா எடுத்தாலும் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாயாம்.

ஆகவே இது சாட்சிக் கடிதம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் சாட்சி சொல்வதில் பழக்கம் உண்டு. ஒரு ஆட்டு வழக்கில் நான் சாட்சி சொன்னபோது நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருக்கும் உன் மாமி, பிறகு அவர் உங்களைச் சாட்சிக் கூட்டிலை இருந்து இறங்கச் சொன்னதையும் எழுதுங்கோ என்கிறா. எழுதியாயிற்று. இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு தாளையும் அவ வாசித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த தாள் தருவாவாம். இப்படி ஒரு காவலோடு எழுதிய மனிதன் இந்த வடமராட்சியிலேயே இல்லை.

உன் படிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்துகிறேன். பாலம் கட்டத் தெரிந்தவன் பொறியியலாளன். நூறு பொறியியலாளரைச் சண்டை பிடிக்காமல் ஒரே பாலத்தைக் கட்டி முடிக்க வைப்பவள் எங்கள் தனு. கேட்டவர்கள் வாயைப் பிளந்தபடி இருந்தார்கள். ஓய்வு பெற்ற தபால் அதிபர் மட்டும், சண்டை பிடிக்காமல் இருக்கிறதுக்கும் ஒரு படிப்பு இருக்கோ, அதை முதலிலை எங்கடை கோயில் சபைக்கு அனுப்புங்கோ என்றார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டுக் குசினியில் முட்டுக்காலில் இருந்து தேங்காய்த் துருவலை அள்ளித் தின்ற பிள்ளை, எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்த நைஜீரியாப் பெண்ணோடும், மலையைக் குடைந்து ரயில் விட்ட சீனப் பெடியனோடும் ஒரே மேசையில் இருந்து படிக்கிறது. நினைத்துப் பார்த்தால் எனக்குக் கடலுக்கு நடுவில் படகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தது போல் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் நீ எடுத்தாய். பாரமான வேலை செய்யும் ஒரு கூட்டத்தைத் தெரிந்தெடுத்து, அதற்குள் கட்டளை யாரிடமிருந்து யாருக்கு எப்படிப் போகிறது என்று ஒவ்வொருவரும் ஆராய வேண்டும் என்றாய். நைஜீரியாப் பெண் எண்ணெய்க் கிணற்றை எடுத்துவிட்டாள், சீனப் பெடியன் மலையை எடுத்துவிட்டான், என்னட்டை ஒண்டும் இல்லை மாமா என்று அழுவாரைப் போலச் சொன்னாய். எனக்குப் பொறுக்கவில்லை. பொங்கலுக்குப் பட்டம் ஏத்துற எங்கடை குழுவை எடு பிள்ளை என்றேன். அதோடு நின்றிருக்கலாம். எங்கடை குழுவிலை ஒருத்தரும் ஒருத்தருக்கும் கட்டளை போடுறேல்லை, பட்டம் தானே சொல்லும், நாங்கள் கேப்பம் என்றும் சொன்னேன். அது எங்கிருந்து வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. வந்ததைக் கேட்டு நானே அதிசயப்பட்டேன்.

நீ அதை எழுதினாய். பேராசிரியை அதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினா. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பொறியியலாளர்கள் அன்று பொலிகண்டியைப் பற்றிக் கதைத்தார்கள் என்று நீ சொன்ன இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெருமையால்தான் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் குழு உண்மையில் எப்படிப்பட்டது என்று உன் அம்மா பிறகு உனக்குச் சொல்லியிருக்கிறா. போன வருஷப் பொங்கலுக்குக் கயிற்றைப் பிடித்தவர்களை விடக் கத்தியவர்கள் அதிகம். ஒரு பக்கம் பிடியடா, மறு பக்கம் விடடா. பட்டம் யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் கொத்துரொட்டிக் கடைக்குள் போய்ப் படுத்தது. அது மெய்தான். ஆனால் ஐப்பசியில் நான் சொன்னதைப் பொய் என்று உன் அம்மா சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்ட உண்மை. எப்படி என்று கேள்.

பொங்கலன்று பட்டம் ஏற்றுவதை வகுப்பில் இருந்தபடி போனில் நேரே பார்க்கப் பேராசிரியை ஆசைப்படுகிறா என்று மார்கழியில் நீ சொன்னாய். அன்றைக்கே ஜெயதீபனிடம் ஓடினேன். அவன்தான் எங்கள் பட்டத்தைக் கீறிக் கட்டுகிறவன். ஆட்டோ திருத்தும் கராஜ் வைத்திருக்கிறான். எல்லோரையும் அங்கே கூப்பிட்டு, இந்த முறை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, தனுவின் படிப்பு அதில்தான் தொங்குகிறது என்றேன். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயதீபன் கையில் இருந்த சாவியைக் கீழே வைத்து, பரமண்ணை, முதலிலை உங்கடை வாயைப் பூட்டுங்கோ, மிச்ச வாயளை நாங்கள் பாத்துக்கொள்ளுறம் என்றான். குருநகரில் இருந்து கயிறு கொண்டு வரும் சிமியோன், எங்கள் கயிற்றுக்கு முதல் ஆள், அவன் சொன்னதைக் கேள். பரமலிங்கத்தார் ஒரு பின்னேரம் கதைக்காமல் இருந்தால் நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துறன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தனுவுக்காக என்றதும் ஒருவனும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை நீ குறித்துக்கொள்.

இந்த முறை பாய்க்கப்பல். மூங்கிலும் கமுகஞ்சலாகையும் வைத்துக் கட்டி, சீலை ஒட்டி, மூன்று பாயும் விரித்த கப்பல். எவ்வளவு பெரிது என்று உன் பேராசிரியை கேட்டால், எங்கள் வீட்டு அளவு என்று எழுதத்தான் கை போகிறது. மாமி பார்க்கிறா. எங்கள் மாட்டுக்கொட்டில் அளவு. கராஜ் கதவால் வெளியே எடுக்க முடியாமல் கதவு நிலையையே கழற்றினோம். இதில் கூட்டல் இல்லை, நிலை இன்னும் சுவரில் சாத்திக் கிடக்கிறது.

கப்பலின் தலைப்பில் விண் பூட்டினோம். அதைப் பேராசிரியைக்கு விளங்கப்படுத்து. வளைத்த தடியில் அகலமான நாரை இழுத்துக் கட்டினால் காற்றில் அது அதிர்ந்து கூவும். பட்டம் காற்றுக்கு நேரே நின்றால் சங்கு போலக் கனத்துக் கூவும். சரிந்தால் குரல் மெலியும், விழப் போனால் விக்கும். சின்ன வயதில் இருந்து இது எங்களுக்குத் தெரியும். ஆனால் பட்டம் உயரத்தில் நின்ற பிறகு படுத்துக்கொண்டு கேட்கிற சத்தம் என்றுதான் நினைத்திருந்தோம். ஏற்றும்போது அதைக் கேட்டவர் எவரும் இல்லை. எங்கள் சத்தத்துக்குள் எப்படிக் கேட்பது?

பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. சனம் என்றால், மணலே தெரியவில்லை. சரி, இடைக்கிடை தெரிந்தது. என் வேலை போனைப் பிடித்து உனக்குக் காட்டுவது மட்டும். கதைக்காமல் இருப்பதற்கு உன் மாமி என் வாய்க்குள் ஒரு புழுக்கொடியலைத் திணித்துவிட்டா. அவித்துக் காயவைத்த அந்தப் பனங்கிழங்கு கல்லுப் போன்றது, மென்று முடிக்கவே ஒரு சிவராத்திரி வேண்டும் என்று பேராசிரியைக்கு எழுது. போனில் உன் வகுப்பு தெரிந்தது. வரிசையாக முகங்கள். வெள்ளைத் தலைமயிரோடு ஒரு அம்மா கையசைத்தா. அவதானே? நானும் கையசைத்தேன். வாய் திறக்க முடியாததால் என்னைப் பெரிய அடக்கமான மனிதன் என்று நினைத்திருப்பா.

கடலுக்கு முதுகு காட்டிக் கயிற்றுக்காரர் நின்றார்கள், முப்பது பேர் இருக்கும். கயிறு உரிக்காதபடி கையில் பழைய காலுறை மாட்டியிருந்தார்கள். தெருப் பக்கமாகக் கப்பலைத் தூக்கிப் பிடித்தபடி இன்னும் கொஞ்சப் பேர். சிமியோன் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். வழக்கமாக இந்த இடத்தில்தான் ஊர் ரெண்டாகும். அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. பக்கத்துக் குழுக்காரன் ஒருவன் வந்து, என்னடாப்பா, ஆராவது செத்துப் போச்சினமோ என்று என்னைக் கேட்டான். நான் மென்றுகொண்டிருந்தேன்.

காற்று வந்தது. கப்பல் கையை விட்டு எழும்பியது. அந்தக் கணமே விண் கூவத் தொடங்கியது, தனு. தலைக்கு மேல் அல்ல, எங்கள் காதுக்கு நேரே. அவ்வளவு கிட்டத்தில் அந்தக் குரலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. முப்பது தலையும் ஒரே பக்கம் திரும்பின.

முதலில் கனத்துக் கூவியது. கயிறு மெல்ல மெல்லப் போனது. பிறகு கப்பல் இடப்பக்கம் சரிந்து பக்கத்துக் குழுவின் கயிற்றை நோக்கிப் போனது. விண்ணின் குரல் மெலிந்து ஒரு பூனைக்குட்டி போல ஆனது. இந்த இடத்தில் கத்தாத ஆம்பிளை எங்கள் ஊரில் பிறக்கவில்லை. எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது, புழுக்கொடியல் மறித்துக்கொண்டது. ஆனால் ஒருவரும் கத்தவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. எல்லோர் கையும் ஒரே நேரத்தில் இளகின. கயிறு ஒரு மூச்சு அளவு விட்டுக் கொடுத்தது. கப்பல் தன் பாட்டில் நிமிர்ந்தது. விண் மறுபடி கனத்தது. உடனே எல்லோர் கையும் ஒரே நேரத்தில் இறுகின. அப்போது பின்னால் நின்ற சிவப்புச் சட்டைப் பெடியனின் காலும் முன்னால் நின்ற ஜெயதீபனின் காலும் ஒன்றாகப் பின்வைத்ததைக் கண்டேன்.

லவுட்ஸ்பீக்கர்காரனும் அதிசயித்து வாயை மூடினான் என்று எழுதிவிட்டு இப்போது வெட்டியிருக்கிறேன். அவன் மூடவில்லை. மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை நிற்குது, தாய் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போகவும் என்று அறிவித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஈர மணலில் சிமியோனின் கால் வழுக்கியது. முதல் ஆளின் கை விட்டால் கயிறு எல்லோரையும் இழுக்கும். நான் பக்கத்தில் நின்றேன். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கையில் காலுறையும் இல்லை. இனி எழுதுவதை நீ எப்படி ஆங்கிலத்தில் மாற்றுவாயோ தெரியாது. விண்ணின் அதிர்வு கயிறு வழியே இறங்கி என் உள்ளங்கைக்குள் வந்தது. கைக்குள் வந்து தோளுக்குப் போய், நெஞ்சுக்குள் நின்று கூவியது. பட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. கொஞ்சம் விடு என்றது, விட்டோம். பிடி என்றது, பிடித்தோம். அது ஏறி, தென்னைகளைத் தாண்டி, கோயில் கோபுரத்தைத் தாண்டி, பாய் விரித்த கப்பலாக நீல வானத்தில் நங்கூரம் போட்டது போல நின்றது.

நான் எத்தனையோ அதிசயம் கண்டதாக உனக்குச் சொல்லியிருக்கிறேன். தோணியை விட நீளமான திருக்கை, கடலுக்குள் எரிந்த வெளிச்சம், இன்னும் என்னென்னவோ. அவற்றை எல்லாம் நீ வேண்டியபடி கழித்துக்கொள். இதை மட்டும் கழிக்காதே. இதைச் சொன்னால்தான் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை என்பதுதான் என் தலைவிதி. தேத்தண்ணீர்க் கடையில் சொன்னேன். பரமண்ணை வழமை போலத் தொடங்கிட்டார் என்று தபால் அதிபர் பேப்பரை விரித்துவிட்டார். திருக்கையை நம்பிய மனிதன்!

அன்று இரவு நீ எடுத்துச் சொன்ன பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று அறிந்தேன். கப்பல் எழும்பிச் சரிந்து நிமிர்ந்தது வரைக்கும் வானம்தான் தெரிந்ததாம், கயிற்றுக்காரர் தெரியவில்லையாம், பிறகு முழு இருட்டாம். வகுப்பு முழுவதும் இருட்டைப் பார்த்துக்கொண்டு இருந்ததாம். கண்ணால் காணாததை எப்படி ஏற்பது என்று பேராசிரியை கேட்டாவாம். அவ கேட்டதில் பிழை இல்லை. நீ நேரே என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இப்போது ஒன்று கேட்கிறேன், தனு. இருட்டுத்தான் வந்தது, சரி. சத்தம் வந்ததா, இல்லையா? நீ அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறாய்தானே. திரும்பப் போட்டுக் கேள். விண் கூவுவது கேட்கும். அது மெலியும் இடமும் மறுபடி கனக்கும் இடமும் கேட்கும். மஞ்சள் சட்டைப் பிள்ளையின் அறிவித்தல் கேட்கும். ஒரு கிழவன் மூச்சு வாங்குவது கேட்கும், அது நான். ஆனால் பிடி என்றோ விடு என்றோ எங்கள் ஆட்களில் ஒருவனின் குரலாவது கேட்கிறதா பார். கேட்காது. கப்பல் ஏறியதைத்தான் பிறகு எடுத்த படங்களில் நீ கண்டாய். அப்படியானால் அதை யார் கட்டளை போட்டு ஏற்றியது? இதைப் பேராசிரியையிடம் கேள். என்னை நம்ப வேண்டாம், நான் எப்படிப்பட்டவன் என்று ஊருக்கே தெரியும். அந்த இருட்டைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்.

எழுதும்போது ஒன்றையும் மறைக்காதே. போன வருஷம் கத்தியதையும் எழுது, கொத்துரொட்டிக் கடையையும் எழுது, ஐப்பசியில் மாமா அளந்ததையும் எழுது. முப்பது பேர் ஒரு பிள்ளைக்காக வாயை மூடினார்கள், மூடிய பிறகுதான் அத்தனை வருஷமும் பட்டம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது என்று எழுது. உன் படிப்பில் இதற்கு ஒரு பெரிய பெயர் இருக்கும். எனக்குத் தெரியாது.

வேறு செய்தி. சிமியோன் குருநகரில் மெழுகுதிரி ஏற்றிவிட்டான், பெரியதாம். கால் சுளுக்கு மாறிவிட்டது. எங்களுக்குப் போட்டியில் இடம் கிடைக்கவில்லை. முதலாவதாக வந்த பட்டம் நிறம் மாறி மாறி மின்னியது, அதற்குக் கொடுத்தது நியாயம்தான். என் உள்ளங்கை உரிந்த இடத்தில் புதுத் தோல் வருகிறது. பேனை பிடித்தால் கொஞ்சம் எரியும், அதனால் எழுத்துக் கோணல். உன் அம்மா பொங்கல் பானையில் உனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்து, பிறகு தானே காகத்துக்கு வைத்தா.

பனியில் நாள் முழுக்க ஒருவரோடும் ஒரு சொல் கதைக்காமல் அறைக்குள் இருக்கிறாய் என்று அவ சொல்லிக் கவலைப்பட்டா. அதைப் பற்றி நான் என்ன எழுத? உன்னைப் போலப் படித்தவளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றை மட்டும் சாட்சியாகச் சொல்கிறேன். கப்பல் ஏறிய நேரம் முழுவதும் நீ எங்களோடு இருந்தாய். என் சட்டைப் பைக்குள், இடப்பக்கம். நைஜீரியாப் பெண்ணும் சீனப் பெடியனும் அந்த வெள்ளைத் தலை அம்மாவும் உன்னோடு இருந்தார்கள். எங்களில் ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்த தையில் கயிற்றில் என் முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கும். வேறு யாரையும் அதில் விட மாட்டேன் என்று ஜெயதீபனிடம் சொல்லிவிட்டேன். சந்நிதி முருகன் உன் நெற்றியில் கை வைத்துக் காக்கட்டும். உன் ஆய்வு நிற்கட்டும். நீயும் காற்றுக்கு நேரே நில் பிள்ளை.

மேலே எழுதியவை எல்லாம் நான் கண்டதும் பிடித்ததுமே என்று உறுதி கூறும்,
உன் அன்பு மாமா,
ஆ. பரமலிங்கம்

தனு பிள்ளைக்கு மாமி எழுதுறது. நானும் கடற்கரையிலை நிண்டனான். மாமா எழுதினதை எல்லாம் ரெண்டு தரம் வாசிச்சன். புழுக்கொடியல் ஒண்டில்லை, மூண்டு. மற்றும்படி ஒண்டும் கூட்டேல்லை, என்ரை கையெழுத்தும் கீழை இருக்கு, அந்த அம்மாட்டைக் காட்டு. ஆனால் ஒண்டைக் குறைச்சுப்போட்டார். பட்டத்தை மரத்திலை கட்டினாப் பிறகு மனிசன் மணலிலை இருந்து அழுதவர். பையிலை இருந்த போனைக் கையிலை வைச்சுக்கொண்டு, தொடர்பு எப்பவோ நிண்டு போயும் பாத்துக்கொண்டு இருந்தவர். ஏன் எண்டு நான் கேக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை எடு பிள்ளை. ஒண்டும் கதைக்காட்டிலும் பரவாயில்லை, எடு.

ப. பத்மாசினி